மஞ்சள் தண்ணீரில் கழுவாத மூளை

12.3.2002, செவ்வாய். மூளை 2. ரூ. 30.
15.3.2002, வெள்ளி. மூளை 2. ரூ. 30.
30.4.2002, செவ்வாய். மூளை 2. ரூ. 30.
3.5.2002, வெள்ளி. மூளை 2. ரூ. 30.
7.5.2002, செவ்வாய். இல்லை.
10.5.2002, வெள்ளி. இல்லை.
14.5.2002, செவ்வாய். மூளை 1. பணம் வாங்கவில்லை.

புளியந்தோப்பில் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டி வாசலில் தலைக்கறி விற்ற வேம்பு, ராயபுரத்தில் இருந்த சிறு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஆட்டு மூளை கொடுத்த கணக்கில் சில வரிகள் இவை. கடைசி வரியில் அவள் ஏன் பணம் வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டால், வேம்பு யார் என்பதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வேம்பு பிறந்தது 1957இல். கணவர் வரதன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர், 1993இல் காலமானார். அவர் இருந்தபோதும் கடை இருந்தது, போன பிறகும் ஒரு நாள் மூடவில்லை. விடிந்ததும் தொட்டியிலிருந்து தலைகள் வரும். முடியைத் தீயில் பொசுக்கிச் சுரண்டி, கட்டையில் வைத்து, ஒரே வெட்டில் மண்டை ஓட்டைப் பிளப்பாள். உள்ளே மூளை கலங்காது. அதன்மேல் படிந்த சவ்வையும் ரத்த நரம்புகளையும் விரல் நுனியால் உரித்தெடுத்து, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பாள். பிறகு மஞ்சள் போட்டதே தெரியாதபடி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி இலையில் வைத்துத் தருவாள். வேம்பு கொடுத்த மூளையில் ஒரு மயிரிழை நரம்பு இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. வியாசர்பாடியிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள்.

அவளுக்கு ஒரே மகள், மகிழினி. பிளஸ் டூவில் 1,012 மதிப்பெண் எடுத்தாள். அவர்கள் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் அந்த மாடிப்படி வீடுகளில் அதுவரை யாரும் ஆயிரத்தைத் தாண்டியதில்லை. 1999இல் பி.காம். சேர்ந்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் தூக்கம் போயிற்று. மின்விசிறிக்குள் இருந்து இரண்டு பேர் தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். பிறகு படிப்பு போயிற்று. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுதாகப் படிக்க முடியவில்லை, எழுத்துக்கு நடுவே அவர்கள் பேசுகிறார்கள் என்றாள். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கினார்கள். மாத்திரையில் குரல்கள் தணிந்தன, முழுதாகப் போகவில்லை. மாடிப்படியில் அதன் பிறகு அவளுக்குப் பெயர் "கீழ்ப்பாக்கம் கேஸு."

வரதனின் அண்ணன் மாரியப்பன் கெட்ட மனிதர் அல்ல. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு அவர் பெயரில் இருந்தது. தம்பி குடும்பத்தை ஒருநாளும் போகச் சொன்னதில்லை. ஆனால் தம்பி மகள் சுவரைப் பார்த்துப் பேசுவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பயம் முற்றி ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார்.

"இத்தினி வருசமா தலையோட பொயங்கினு கீற. அந்த வாயில்லா ஜீவன் சும்மா வுடுமா? உன் பொண்ணு தலைல வந்து நின்னுகிச்சு."

"நானா மாமா அறுக்கறேன்? அறுத்ததுக்கு அப்பாலதான எங்கையிக்கு வருது?"

"மண்டைய ஒடைக்கிறது யாரு?"

சுவரில் புத்தர் படம் வைத்திருந்த வீடு அது. பாவம், சாபம் என்றெல்லாம் அங்கே பேசுவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மாரியப்பன் கெடு வைத்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள கடைய மூடு. தெக்கால பேயோட்டுற எடம் கீதாம். பொண்ண அங்க கொண்டுபோயி வுட்டா அவங்களே பாத்துப்பாங்க. முடியாதுன்னா நீ வேற வூடு பாத்துக்க."

அப்படிப்பட்ட இடங்களில் பார்த்துக்கொள்வது என்றால் காலில் சங்கிலி போடுவது என்று வேம்புவுக்குத் தெரியும்.

2002 மார்ச் 8, வெள்ளிக்கிழமை காலை கடைக்கு ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் சிறு சிலுவை, கையில் ஐஸ் பெட்டி.

"ரெண்டு மூளை வேணும்கா. இளங்குட்டியோடது."

"வறுவலுக்கா, கொயம்புக்கா?"

"திங்கறதுக்கு இல்லக்கா. ஆராய்ச்சிக்கு."

பக்கத்தில் குடல் விற்கும் சாபிரா தலையைத் தூக்கினாள். "அப்ப புதினா வேணாம்."

வந்தவள் சிரித்துவிட்டாள். அவள் டாக்டர் சாண்ட்ரா. ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்தவர்.

"இன்னா ஆராய்ச்சி?" என்றாள் வேம்பு, கையை நிறுத்தாமல்.

"மனநோய்க்கா. நல்லாப் படிச்சிகினு இருக்கற புள்ளைங்களுக்குப் பதினெட்டு இருபது வயசுல திடீர்னு வருதே, குரல் கேக்குது, தூக்கம் வரலன்னு. அது எதனாலன்னு."

கத்தி பாதி வழியில் நின்றது. வேம்பு தன் மகளைப் பற்றி அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொல்லி, மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, டாக்டரை உட்காரவைத்தாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றாள்.

சாண்ட்ரா தெரிந்ததை வைத்துச் சொன்னாள். மூளையில் நியூரான் என்று ஒரு வகை செல். சேதி அனுப்புவது அது. அதைச் சுற்றிலும் இன்னொரு வகை. கிளியா என்று பெயர்.

"ஹார்பருக்குக் கப்பல் வந்தா எல்லாரும் கப்பலத்தான பாப்பாங்க? கயிறு கட்டறவன், தண்ணி ஏத்தறவன், குப்பை எறக்கறவன், இவனுங்கள யாரு பாக்கறா? ஆனா எங்கப்பா ஒரு நாள் வேலைக்குப் போகலன்னா கப்பல் ஆடிகினு நிக்கும். கிளியா அந்த மாதிரிக்கா. நூத்தம்பது வருஷமா அதை வெறும் பசைன்னு நெனச்சிகினு இருந்தாங்க."

"பசைன்னா?"

"ஒட்ட வெக்கறதுக்கு மட்டும் இருக்குதுன்னு. இப்பத்தான் தெரியுது. வயித்துல குழந்தையோட மூளை உருவாகறப்ப, புதுசா பொறந்த நியூரான் எல்லாம் கிளியாவோட நூலைப் புடிச்சிதான் தன் எடத்துக்கு ஏறிப் போவுது. அப்புறம் ஒரு நியூரானும் இன்னொண்ணும் கை கோக்கணும்னாலும் கிளியா பக்கத்துல இருக்கணும். கரண்ட் வயருக்கு மேல ரப்பர் சுத்தறோமே, அதே மாதிரி சுத்தி வுடறதும் ஒரு வகை கிளியாதான். அந்தச் சுத்துற வேலை இருபது வயசு தாண்டியும் நடந்துகினே இருக்கும்."

"பதினெட்டு வயசுல?"

"வேலை பாதியில இருக்கும்."

வேம்பு டீயைக் குடிக்க மறந்தாள். அந்த நோயில் இறந்துபோனவர்களின் மூளையைப் பார்த்த சிலர், ரப்பர் சுற்றும் கிளியா குறைவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் என்றும், அது காரணமா விளைவா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றும் சாண்ட்ரா சொன்னாள். கிளியாவை ஆட்டுக்குட்டி மூளையிலிருந்து பிரித்து வளர்க்கலாம். அதற்குத்தான் வேம்புவிடம் வந்திருக்கிறாள். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"கழுவ வேணாம்கா. ஒண்ணும் பண்ண வேணாம். அப்படியே இந்த பாட்டில்ல போட்டுக் குடுத்துடுங்க."

அடுத்த செவ்வாயிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மூளை போயிற்று. வேம்பு மாரியப்பனிடம் சொன்னாள்: "மகிக்கு வந்த நோவு எதனாலன்னு கண்டுபுடிக்க எங்கடையிலருந்துதான் எடுத்துகினு போறாங்க, மாமா. நம்பலன்னா வெள்ளிக்கெயமை வந்து பாரு." மாரியப்பன் வந்து பார்த்தார். டாக்டர் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். கெடுவைப் பற்றி இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. வேம்பு தெருவில் நடக்கும் நடையே அப்போது வேறாக இருந்தது என்று சாபிரா சொல்வாள்.

மே 3, வெள்ளிக்கிழமை. மூளையை வாங்கிக்கொண்டு போன சாண்ட்ரா மாலையில் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வேம்பக்கா, மூளையை எதுலயாவது கழுவறீங்களா?"

"இன்னா டாக்டரம்மா இப்டி கேட்டுட்ட? மஞ்சத்தண்ணில ஊறப் போடாம குடுப்பனா? மத்தவங்களுக்கு ஒரு தபா. உனுக்கு மூணு தபா."

"நான் கழுவ வேணாம்னு சொன்னேனே!"

"சொன்ன. எல்லாருந்தான் சொல்றாங்க, 'சும்மா குடு, வூட்ல கயுவிக்கிறேன்'னு. வெலைய கொறைக்கறதுக்குச் சொல்ற பேச்சு அது. அதுக்காக கலீஜா தூக்கிக் குடுத்துடுவனா? அதும் நோவுக்காரப் புள்ளைங்க சமாச்சாரம்."

சாண்ட்ரா கவிழ்ந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கிளியாவை மட்டும் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றை அவள் ஊற்றுவாள். விசேஷ விளக்கு வைத்த நுண்ணோக்கியில் பார்ப்பாள். முதல் நாளிலிருந்தே தட்டு முழுக்கப் பச்சை. செல்கள் பாதிக்குமேல் செத்துக்கொண்டிருந்தன. வெயிலில் கொண்டுவருவதால் என்று நினைத்தாள். மீதி அமோகமாக ஒளிர்ந்தன; நல்ல சேதி என்று பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதியும் விட்டாள். அன்றைக்கு ஒத்துப் பார்ப்பதற்காகச் சாயமே ஊற்றாத தட்டு ஒன்றை வைத்தாள். அதுவும் பச்சையாக ஒளிர்ந்தது. அந்த விளக்கில் மஞ்சளும் பச்சையாகத்தான் ஒளிரும். உப்பு செல்லைக் கொன்றது. மஞ்சள் பொய் சொன்னது.

"ஏழரை வாரம்கா," என்றாள் சாண்ட்ரா.

"ஏயரையா?" என்றாள் சாபிரா. "அப்ப சனி புடிச்சிதான் ஆட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு சாண்ட்ரா எழுந்து போனாள். குரலை உயர்த்தவில்லை. வேம்புவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

சாபிராவின் வாயில் சேதி நிற்காது. மறுநாளே மாடிப்படி முழுக்கத் தெரிந்துவிட்டது. மாரியப்பன் படியிலேயே நின்று கேட்டார்: "பாத்தியா? டாக்டரு கையிக்குப் போனதும் கெட்டுச்சு. ஆட்டுத் தலையில்ல பிரச்சன. உன் கையிதான். ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் கீது."

உள்ளே மகிழினி கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, என்ன எங்க அனுப்பப் போறீங்க?" என்றாள்.

"எங்கியும் இல்ல. சோறு துன்னு."

செவ்வாய் போயிற்று, வெள்ளி போயிற்று. பாட்டில் கடையில் காலியாக நின்றது. முப்பது வருடமாக ஒரு பொருளைக் கழுவிக் கொடுத்துக் கொடுத்தே பெயர் வாங்கிய கை அது. கழுவாமல் கொடு என்றால் எப்படிக் கொடுப்பது? தன் கடையில் வைத்து மண்டையைத் திறந்தால் கை தானாகவே மஞ்சள் சட்டிக்குப் போகும் என்று வேம்புவுக்குத் தெரிந்தது. அப்படியானால் திறக்கக் கூடாது.

14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அறுத்துச் சற்று நேரமே ஆன இளங்குட்டித் தலை ஒன்றை முழுசாகப் பக்கெட்டில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு, வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஓட்டுநர் ஜார்ஜ் பக்கெட்டை எட்டிப் பார்த்தான்.

"யக்கா, தலைக்கு மூணு ரூவா. உன்குது ரெண்டு தலை கீது."

"பேசற தலைக்குத்தான் காசு. ஓட்டுடா நைனா."

ஆய்வுக்கூடத்தில் சாண்ட்ரா எழுந்து நின்றுவிட்டாள். வேம்பு பக்கெட்டைக் கீழே வைத்தாள். "கட்டை இருந்தா குடு. உன் கண்ணு முன்னால தொறக்கறேன். நான் எதுனா கயுவப் போனா கையத் தட்டி வுடு."

கட்டை இல்லை. தடித்த பலகை ஒன்றைப் போட்டார்கள். ஒரே வெட்டு. ஓடு இரண்டாகப் பிரிந்தது, மூளை அசையவில்லை. சாண்ட்ராவின் குளிர்ந்த திரவத்துக்குள் அதைச் சவ்வோடும் ரத்தத்தோடும் நழுவவிட்டாள். அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் சவ்வின் ஓரத்தைத் தேடித் திரவத்துக்குள்ளே போயின.

"அக்கா!"

வேம்பு விரலை எடுத்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வாழ்நாளில் அவ்வளவு அழுக்காக ஒரு பொருளை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. முகம் சிவந்துபோயிற்று.

சாண்ட்ரா பணத்தை நீட்டினாள்.

"வேணாம். விக்கறதுக்கு வரல. எங்கையி கெட்ட கையா இல்லியான்னு பாக்க வந்தேன். நீ வளத்துப் பாத்து சொல்லு." அப்போதுதான் மகளைப் பற்றியும் சொன்னாள். பாவம் என்று மாரியப்பன் சொன்னதை, ஆடிக் கெடுவை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாண்ட்ரா ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தாள். வேம்பு மகிழினியையும் மாரியப்பனையும் அழைத்துக்கொண்டு போனாள். மாரியப்பன் வர மறுத்தார். "கெட்ட கையின்னு சொன்னது நீ. நீயே வந்து பாத்துட்டுச் சொல்லு, மாமா," என்றதும் வேட்டி மாற்றிக்கொண்டார்.

இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் கோழி முட்டைக்குள் வளரும் குஞ்சிலிருந்து எடுத்த நியூரான். முதல் தட்டில் அவை தனியாக இருந்தன. மெலிந்த நூல்களை நீட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று அதிகம் தொடாமல், திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகள் மாதிரி ஆங்காங்கே நின்றன. இரண்டாவது தட்டில் வேம்பு கொண்டுவந்த தலையிலிருந்து பிரித்த கிளியாவும் இருந்தது. அங்கே நூல்கள் பின்னிக் கிடந்தன. தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக முடிச்சு.

"இது வேம்பக்கா கையால வந்தது. நான் இதுவரை வளத்ததுல இதுதான் நல்ல தட்டு," என்றாள் சாண்ட்ரா.

வேம்பு பார்த்தாள். அவள் நின்ற நிலையில், ஆயிரம் மதிப்பெண் வந்த நாளில் மாடிப்படியில் நின்ற நிமிர்வு இருந்தது.

மகிழினி நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை. "இதுல எது பேசும், டாக்டர்?" என்றாள்.

"பெருசா நூல் நீட்டிகினு கீதே, அது பேசும். சுத்தி இருக்கறது ரொம்ப நாளா ஊமைன்னு நெனச்சிருந்தோம். இல்ல, அது கேட்டுகினு கீது. அப்பப்ப பதிலும் சொல்லுது."

மகிழினி யோசித்தாள். "அப்ப எனக்குள்ள அவனுங்க திட்டறப்ப, இதுங்களும் கேட்டுகினு இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"பாவம்," என்றாள் மகிழினி. "அதுங்களும் தூங்கியிருக்காது."

மாரியப்பன் கடைசியாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "டாக்டரம்மா, நேரா கேக்கறேன். இது பாவத்தால வர்ற நோவு இல்லியா?"

"எதனால வருதுன்னு முழுசா எனக்குத் தெரியாதுங்க ஐயா. தெரிஞ்சா நான் ஏன் ஞாயித்துக்கெழமை இங்க நிக்கறேன்? பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச வேலையில எங்கியோ குறை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா பாவம் பண்ண கைன்னா, அந்தக் கை தொட்டது இப்படி வளராது. அதை நீங்களே பாத்தீங்க. இந்தப் பொண்ணுக்கு வேண்டியது மாத்திரையும், பக்கத்துல நாலு பேரும்."

திரும்பும்போது பேசின் பிரிட்ஜ் வழியாக வந்தார்கள். அங்கே சிக்னலில் ஆட்டோ நின்றபோது மாரியப்பன் கேட்டார்: "அந்தச் சின்னது சின்னதா சுத்திகினு இருந்துச்சே, அதுக்கு இன்னா பேரு?"

"கிளியா, பெரிப்பா."

"கிளியா," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 17, புதன்கிழமை ஆடி பிறந்தது. அன்று காலை மாரியப்பன் மகிழினியின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "மாத்திரை வாங்கற கியூவுல பொண்ணு ஏன் வெயில்ல நிக்கணும்? நான் போறேன்," என்றார். அந்த மாதம் மட்டுமல்ல, அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர்தான் போனார். கடையை மூடுவது பற்றியோ வீட்டைக் காலி செய்வது பற்றியோ மறுபடி பேச்சு எழவில்லை. படியில் ஒரு நாள் யாரோ "கீழ்ப்பாக்கம் கேஸு" என்றபோது, "எங்க வூட்டுப் பொண்ணுக்குப் பேரு கீது," என்று அவர் போட்ட சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

வேம்பு ஓராண்டு முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் தலையை முழுசாக எடுத்துக்கொண்டு ராயபுரம் போய், அங்கேயே திறந்து கொடுத்தாள். முதல் நாளைத் தவிர மற்ற நாட்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டாள். மற்ற வாடிக்கையாளர்களுக்கு மஞ்சள் தண்ணீர் எப்போதும்போல் நடந்தது.

2003 ஜூனில் சாண்ட்ரா பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன: வேலை நடக்கிறது, மகிழினி எப்படி இருக்கிறாள் என்று. மூன்றாவதுதான் கடைசி; அதற்குள் சாபிரா கடையில் போன் வந்துவிட்டதால் அதன் பிறகு எழுதத் தேவை இருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதத்தின் உறையின்மேல் "திருமதி வேம்பு, தலைக்கறிக் கடை, ஆட்டுத்தொட்டி வாசல், புளியந்தோப்பு" என்று இருந்தது. தபால்காரர் உரக்கப் படித்துத்தான் கொடுத்தார்.

உள்ளே அச்சான ஆங்கிலத் தாள் ஒன்று, சாண்ட்ராவின் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கம். படிக்கச் சொல்லி வேம்பு அதை மாரியப்பனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் மகிழினி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஐந்து வருடமாக ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்காதவள், கட்டைக்குப் பக்கத்தில் நின்று, விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்லப் படித்தாள். நடுவில் ஒரு முறை நிறுத்தி, காதுக்குள் யாரையோ அதட்டுவது போல "இரு" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசி வரியைத் தமிழில் சொன்னாள்: கிளியா வளர்க்கத் தேவையான ஆட்டு மூளையைச் சிறிதும் சேதமில்லாமல் எடுத்துத் தந்த புளியந்தோப்பு வேம்பு அவர்களுக்கு நன்றி.

"திருப்பிப் படி," என்றார் மாரியப்பன்.

அவள் முதலிலிருந்து முழுப் பக்கத்தையும் திருப்பிப் படித்தாள்.

கடிதம் வந்த தேதி 23.9.2004, வியாழக்கிழமை.